வாசகர் கேள்வி – பதில்: பொம்மலாட்ட அரங்குக்குக் குழந்தையைத் தயார்ப்படுத்துவது எப்படி?

கேள்வி: என் மகனுக்கு ஆறு வயதாகிறது. ஆட்டிசம் இருப்பதை மருத்துவர்கள் உறுதி செய்திருக்கிறார்கள். மிக்ஸி ஓடினால் காதைப் பொத்திக்கொண்டு அடுத்த அறைக்கு ஓடிவிடுவான். பலர் சேர்ந்து கைதட்டினால் அழுதுவிடுவான். ஆனால் கைப்பாவைகள் என்றால் அவனுக்கு உயிர். அடுத்த மாதம் அவனுடைய வகுப்புப் பிள்ளைகளைப் பொம்மலாட்டத்துக்கு அழைத்துச் செல்கிறார்கள். பெற்றோரும் உடன் வரலாம் என்கிறார்கள். அவனைக் கூட்டிச் செல்லலாமா? செல்வதென்றால் என்னென்ன ஏற்பாடு செய்ய வேண்டும்?

பதில்: தாராளமாகக் கூட்டிச் செல்லுங்கள். பாவைகளின் மீது அவனுக்கு இருக்கும் ஆசையே பெரிய பலம். ஒரு மாத அவகாசமும் கையில் இருக்கிறது. அந்த ஒரு மாதத்தை அவனை அடங்கி உட்காரப் பழக்குவதில் மட்டும் செலவிட வேண்டாம் என்பதே என் முதல் வேண்டுகோள். புலனுணர்வில் மிகையாகத் துன்புறும் குழந்தையை ஒலியின் அளவு வருத்துகிறது என்பது உண்மைதான். ஆனால் அது எப்போது வரும் என்று தெரியாமல் காத்திருப்பதும், வந்துவிட்டால் தப்பிக்க வழியின்றி மாட்டிக்கொள்வதும் அதைவிடக் கடுமையாக வருத்துகின்றன. ஆகவே, அங்கே என்னென்ன நடக்கும் என்பது அவனுக்கு முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும். முடியவில்லை என்று தோன்றும் கணத்தில் வெளியே போகலாம் என்பதும் அவனுக்குத் தெரிந்திருக்க வேண்டும். நீங்கள் செய்யப்போகும் எல்லா ஏற்பாடுகளும் இந்த இரண்டுக்காகத்தான்.

முதலில் அரங்கத்தாருக்குத் தொலைபேசியில் பேசுங்கள். ஆட்டம் எவ்வளவு நேரம், இடைவேளை உண்டா, விளக்குகள் முழுவதும் அணைக்கப்படுமா, மின்னல்போல் வெட்டும் ஒளியோ செயற்கைப் புகையோ உண்டா, திடீரென்று பெரிய சத்தம் எழும் இடங்கள் எவை, பாவைகள் மேடையை விட்டு இறங்கிப் பார்வையாளர்களிடையே வருமா என்பனவற்றைக் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். இப்படிக் கேட்பது தொந்தரவு ஆகிவிடுமோ என்று பல பெற்றோர் தயங்குகிறார்கள். தயங்கவே வேண்டாம். தங்கள் ஆட்டத்தில் எந்த இடத்தில் முரசு அதிரும் என்பதைக் கலைஞர்களைவிட நன்றாக அறிந்தவர் எவருமில்லை; கேட்டால் பெரும்பாலோர் மகிழ்ந்தே சொல்வார்கள்.

என்ன வகைப் பாவை என்பதையும் அவசியம் கேளுங்கள், ஏனென்றால் ஒவ்வொரு வகையும் குழந்தையின் புலன்களை வெவ்வேறு விதமாகத் தாக்குகிறது. கைப்பாவை ஆட்டத்தில் மேடை சிறியது என்பதால் பார்வையாளர்கள் மிக நெருங்கி உட்கார்கிறார்கள்; அசைவுகள் வேகமானவை, குரல்களும் கீச்சென்று இருக்கக்கூடும். இங்கிலாந்தின் ‘பஞ்ச் அண்ட் ஜூடி’ ஆட்டத்தில் பஞ்சின் குரல், கலைஞர் வாய்க்குள் அடக்கிக்கொள்ளும் ஒரு சிறு கருவியிலிருந்து எழுகிறது. ராஜஸ்தானின் கட்புத்லி நூல்பாவை ஆட்டத்திலும் மூங்கிலும் தோலும் கொண்டு செய்த ஊதல் வழியாகத்தான் பாவைகள் ‘பேசுகின்றன’. மனிதக் காது ஏறத்தாழ 2,000 முதல் 5,000 ஹெர்ட்ஸ் வரையிலான ஒலியையே மிகக் கூர்மையாகக் கேட்கிறது என்பதால், இத்தகைய கீச்சுக்குரல் அதே அளவு உரத்து ஒலிக்கும் கனத்த, தாழ்சுருதி ஒலியைவிட அதிகமாக உறுத்தும். நிழற்பாவை ஆட்டத்தில் சிக்கல் வேறு: இருண்ட அரங்கில் ஒளிரும் ஒரே திரை, அதில் பாவையை விளக்கின் பக்கம் கொண்டுபோகும்போது நிழல் சட்டென்று பூதாகரமாக விரியும். நூல்பாவைகளின் அசைவு பொதுவாகச் சற்று நிதானமானது என்பதால், ஒலிக்கு அஞ்சும் குழந்தைக்கு முதல் ஆட்டமாக, கீச்சிடும் ஊதல் இல்லாத நூல்பாவை ஆட்டத்தையே நான் பெரும்பாலும் பரிந்துரைக்கிறேன். உங்களுக்கு அந்தத் தேர்வு இல்லை என்றாலும், எதை எதிர்பார்க்க வேண்டும் என்பதாவது தெரிந்துவிடும்.

கேட்டறிந்ததைக் கொண்டு அவனுக்கென்று ஒரு சிறு படக்கதை செய்யுங்கள். அமெரிக்க ஆசிரியை கரோல் கிரே 1991 முதல் பரவச் செய்த முறை இது. ‘சோஷியல் ஸ்டோரி’ என்ற பெயரில் சிறப்புப் பள்ளிகள் பலவற்றில் இன்றும் பயன்படுகிறது. அரங்கின் வாசல், நுழைவுக்கூடம், இருக்கை வரிசை, கழிப்பறை, மேடை ஆகியவற்றின் உண்மையான படங்களை ஒட்டி, ஒவ்வொன்றின் கீழும் அவன் பேசுவதுபோல் ஓரிரு வரிகள் எழுதினால் போதும்: “விளக்குகள் மெல்ல அணையும். அப்போது இருட்டாக இருக்கும். அம்மா என் பக்கத்தில் இருப்பார். மேடையில் மட்டும் வெளிச்சம் வரும். கரடிப் பாவை வரும்போது முரசு சத்தமாக ஒலிக்கும். நான் காதுமூடியைப் போட்டுக்கொள்ளலாம். எனக்கு வெளியே போக வேண்டும் என்றால் மஞ்சள் அட்டையைக் காட்டலாம்.” இதில் ஒரு எச்சரிக்கை உண்டு. “எனக்குப் பயமாக இருக்காது”, “எனக்கு மிகவும் பிடிக்கும்” என்றெல்லாம் எழுதிவிடாதீர்கள். பயம் வந்துவிட்டால், கதை பொய் சொல்லிவிட்டது என்று அவன் முடிவுகட்டுவான். அதன் பிறகு கதையில் உள்ள மற்ற எதையும் நம்பமாட்டான். ‘பிடிக்கலாம்’, ‘பயமாக இருக்கலாம்’ என்று எழுதுவதே நேர்மை. இந்தக் கதையை நாள்தோறும் ஒரே நேரத்தில், அவன் அமைதியாக இருக்கும்போது படித்துக் காட்டுங்கள்.

கதையோடு ஒத்திகையும் வேண்டும். வீட்டில் ஒரு வெள்ளைத் துணியைக் கட்டி, பின்னால் டார்ச் விளக்கை வைத்து, அவனுடைய கைப்பாவைகளைக் கொண்டே ஆட்டம் நடத்துங்கள். அறை விளக்கின் சுவிட்சு அவன் கையில் இருக்கட்டும். முதலில் ஜன்னல் திரையை மட்டும் மூடி, பிறகு ஒரு விளக்கை அணைத்து, பிறகு எல்லாவற்றையும் அணைத்து என்று படிப்படியாக இருளுக்குப் பழகலாம். எந்த நிலையிலும் அவன் சுவிட்சைப் போட்டுவிட்டால், “சரி, இன்று இவ்வளவு போதும்” என்று நிறுத்திவிடுங்கள். கைதட்டலின் ஒலிப்பதிவையும் இப்படியே மிகக் குறைந்த ஒலியில் தொடங்கி, ஒலியைக் கூட்டும் பொறுப்பை அவனிடமே கொடுங்கள். தானே உண்டாக்கும் சத்தத்தை இந்தக் குழந்தைகள் வெகு எளிதாகத் தாங்குவதை நீங்கள் வீட்டில் ஏற்கெனவே கவனித்திருப்பீர்கள்.

முடிந்தால் ஆட்டமில்லாத ஒரு நாளில் அரங்குக்குச் சென்று வாருங்கள். கழிப்பறையில் சூடான காற்றால் கை உலர்த்தும் கருவி இருக்கிறதா என்று பாருங்கள். ஆட்டம் முழுவதையும் நன்றாக ரசித்த குழந்தை கழிப்பறையில் அந்தக் கருவியின் அலறலுக்கு நிலைகுலைந்துபோவது அடிக்கடி நடப்பதுதான். கனடாவைச் சேர்ந்த பதின்மூன்று வயது மாணவி ஒருவர் பொதுக் கழிப்பறைகளில் இந்தக் கருவிகளை அளந்து செய்த ஆய்வு 2019 இல் குழந்தை மருத்துவ இதழ் ஒன்றில் வெளிவந்தது. சில கருவிகள் குழந்தைகளின் காது உயரத்தில் 100 டெசிபலையும் தாண்டின என்று அதில் பதிவாகியிருக்கிறது. கைக்குட்டை ஒன்றைக் கொண்டுபோவது, ஆட்டம் தொடங்கிய பிறகு கூட்டமில்லாத நேரத்தில் கழிப்பறைக்குச் செல்வது ஆகிய இரண்டும் போதும்.

இருக்கையைப் பொறுத்தவரை, வரிசையின் கடைசி இருக்கையைக் கேளுங்கள். ஒலிபெருக்கிகளுக்குத் தொலைவாகவும் வெளிவாசலுக்கு அருகிலும் இருந்தால் நல்லது. வகுப்பு முழுவதும் முன் வரிசையில் அமர்வதாக இருந்தால், உங்களுக்கு மட்டும் பின்னால் இடம் வேண்டும் என்று ஆசிரியையிடம் முன்னதாகவே சொல்லிவிடுங்கள்.

கேள்வி: தொலைக்காட்சியில் பாவைகளைப் பார்த்துக் கைகொட்டிச் சிரிக்கும் என் ஐந்து வயது மகள், ஒரு விழாவில் ஆளுயரப் பாவை நேரில் வந்தபோது வீறிட்டு அழுதாள். இது பாவைகளின் மீதான அச்சமா, புலனுணர்வுச் சிக்கலா?

பதில்: இரண்டும் சேர்ந்தே இருக்கக்கூடும், பிரித்துப் பார்ப்பதால் பெரிய பயனும் இல்லை. தொலைக்காட்சிப் பாவை உள்ளங்கை அளவானது, அதற்கு வாசனை கிடையாது, அது அருகே வராது, பொத்தானை அழுத்தினால் மறைந்துவிடும். நேரில் வந்த பாவையிடம் இவை எதுவும் பொருந்தாது. மேலும், மனித உருவத்தை நெருங்கி வந்தும் முழுதாக ஒத்திராத உருவங்கள் பெரியவர்களுக்கே ஒருவித நெருடலைத் தருகின்றன. ஜப்பானிய ரோபோ ஆய்வாளர் மசாஹிரோ மோரி 1970 இல் இதைப் பற்றி எழுதிய கட்டுரையில், தங்கள் நாட்டின் புன்ராக்கு பாவையையும் எடுத்துக்காட்டினார்: அருகில் வைத்துப் பார்த்தால் அது மனிதரைப்போல் தோன்றாது என்றாலும், அரங்கில் ஓரளவு தள்ளி அமர்ந்து பார்க்கும்போது அதன் கண்ணசைவும் கையசைவும் சேர்ந்து நம்மை அதில் ஆழ்த்திவிடுகின்றன என்றார். உங்கள் மகளுக்கும் தொலைவுதான் முதல் மருந்து. பின் வரிசையில் அமருங்கள்; நடைவழியில் பாவைகள் இறங்கி வரும் ஆட்டமானால், நடைவழியை ஒட்டி அமராதீர்கள்.

அடுத்ததாக, பாவை எப்படி இயங்குகிறது என்பதை அவளுக்குக் காட்டுங்கள். இப்படிக் காட்டினால் மாயம் போய்விடும் என்று சிலர் வருந்துவார்கள். அச்சம் மிகுந்த குழந்தைகளிடம் நான் கண்டது வேறு. என்னிடம் பயிற்சிக்கு வந்த சிறுமி ஒருத்தி மரப்பாவையின் தாடை ‘டக்’ என்று மூடும் ஒலிக்கே நடுங்குவாள். ஒரு கலைஞர் அந்தப் பாவையைத் தரையில் கிடத்தி, தாடையை இழுக்கும் கயிற்றை மட்டும் அவள் கையில் கொடுத்தார். அவள் மிக மெதுவாக இழுத்தாள். தாடை ஓசையின்றித் திறந்தது. விட்டாள், ‘டக்’. மறுபடியும் இழுத்தாள். நெடுநேரம் அதையே செய்துகொண்டிருந்தவள், பிறகு மேடையில் அதே ஒலி கேட்டபோது, “கயிறு விட்டாச்சு” என்று தன் அம்மாவின் காதில் சொன்னாள். கலைஞர்கள் ஒப்புக்கொண்டால், ஆட்டத்துக்கு முன்பு பாவையைக் கலைஞரின் கையில் பார்க்கவும், விருப்பமிருந்தால் தொடவும் வாய்ப்புக் கேளுங்கள். தொடச் சொல்லி வற்புறுத்த வேண்டாம். துணி, பசை, வண்ணம் இவற்றின் வாசனையும் சொரசொரப்புமே சில குழந்தைகளுக்குப் பிடிக்காது.

கறுப்புடை அணிந்து முகத்தை மறைத்துக்கொண்டு பாவையை ஆட்டுபவர்கள் மேடையிலேயே நிற்கும் ஆட்டமாக இருந்தால், அவர்களைப் பற்றிக் கட்டாயம் முன்னரே சொல்லுங்கள். புன்ராக்குவில் ஒரு பெரிய பாவையை மூவர் இயக்குவார்கள். பார்வையாளர்கள் அவர்களை விரைவில் மறந்துவிடுவார்கள் என்பது கலையின் எதிர்பார்ப்பு. நுணுக்கங்களை விடாமல் கவனிக்கும் குழந்தையோ பாவையை விட்டுவிட்டு அந்தக் கறுப்பு உருவங்களையே பார்த்துக்கொண்டிருக்கும். கதையில் ஒரு பாத்திரம் இறப்பதும், ஆட்டம் முடிந்ததும் பாவை பெட்டிக்குள் அசைவின்றிக் கிடப்பதும்கூடச் சிலரை ஆழமாகப் பாதிக்கும் என்பதால், அவற்றையும் படக்கதையில் சேர்த்துவிடுங்கள்.

கேள்வி: நீங்கள் சொல்வதெல்லாம் சத்தத்துக்கும் கூட்டத்துக்கும் அஞ்சும் குழந்தைகளுக்குத்தான் பொருந்தும். என் மகன் இதற்கு நேர்மாறு. ஓரிடத்தில் உட்காரமாட்டான், எதையும் தொட்டும் கடித்தும் பார்ப்பான். பாவையைப் பார்த்தால் மேடைக்கே ஓடிவிடுவான். நான் என்ன செய்வது?

பதில்: நியாயமான கேள்வி. புலனுணர்வுச் சிக்கல் என்றாலே மிகையுணர்வு என்று எண்ணிவிடுகிறோம். அமெரிக்க ஆக்குபேஷனல் தெரபிஸ்ட் (அன்றாடச் செயல்களுக்குப் பயிற்சி தரும் சிகிச்சையாளர்) வின்னி டன் 1997 இல் முன்வைத்த வகைப்பாட்டில், புலன்தூண்டலைத் தவிர்ப்பவர்களைப் போலவே அதைத் தேடி அலைபவர்களும் ஒரு பிரிவு. அவர்களுடைய உடலுக்கு அசைவும் அழுத்தமும் மற்றவர்களைவிட அதிகம் தேவைப்படுகின்றன. அத்தேவையை அரங்குக்குள் நுழையும் முன்பே நிறைவு செய்துவிட்டால், உள்ளே உட்காருவது எளிதாகும். அன்று காலையில் ஓடவும் ஏறவும் குதிக்கவும் விடுங்கள். வாகனத்திலிருந்து இறங்கி வாசல் வரை, தாங்கும் அளவுக்குக் கனமான பையை அவனே முதுகில் சுமந்து வரட்டும். உள்ளே, மெல்லுவதற்கான சிலிக்கான் வளையமோ கையில் பிசையும் பந்தோ கொடுங்கள். சத்தம் எழுப்பாததாகப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள். சுவரோரமாகப் பின்வரிசை இருக்கை கிடைத்தால், அவன் நின்றுகொண்டும் அசைந்துகொண்டும் பார்க்கலாம். பின்னால் இருப்பவருக்கு மறைக்காது.

மேடைக்கு ஓடுவதைத் தடுக்க, எப்போது தொடலாம் என்ற உறுதியான விடை அவனிடம் இருக்க வேண்டும். “தொடக்கூடாது” என்பதைவிட, “ஆட்டம் முடிந்து விளக்குகள் எரிந்த பிறகு தொடலாம்” என்பது இந்தக் குழந்தைகளுக்குப் புரியும் மொழி. ஆனால் கலைஞர்களிடம் ஒப்புதல் பெற்ற பிறகே இந்த வாக்கைக் கொடுங்கள். காத்திருக்கும் நேரத்துக்கு, அவனுடைய சொந்தப் பாவை ஒன்று மடியில் இருக்கட்டும்; மேடையில் பாவை குனியும்போது அவனும் தன் பாவையைக் குனிய வைக்கலாம்.

கேள்வி: சத்தத்தைக் குறைக்கும் காதுமூடி வாங்கிக்கொடுத்தால், எப்போதும் அதையே நம்பியிருக்கப் பழகிவிடாதா?

பதில்: நாள் முழுவதும் அணிந்திருந்தால் அந்த அபாயம் உண்டு, சாதாரண ஒலிகளும் பெரிதாகத் தோன்றத் தொடங்கலாம். ஓர் ஆட்டத்தின் சத்தமான பகுதிகளுக்கு அணிவதால் அப்படி ஆகாது. நல்ல காதுமூடிகள் சுமார் 20 முதல் 30 டெசிபல் வரை ஒலியைக் குறைக்கின்றன. ஆகவே பேச்சும் இசையும் அவனுக்கு மெலிதாகக் கேட்டுக்கொண்டுதான் இருக்கும். புதிதாக வாங்கியதை அரங்கில் முதல்முறையாக மாட்டாதீர்கள், ஏனென்றால் தலையை இறுக்கும் அந்த அழுத்தமே சில குழந்தைகளுக்குப் பொறுக்காது. வீட்டில் விளையாடும்போது சிறிது சிறிதாக அணிந்து பழகட்டும்.

கேள்வி: நான் தொடக்கப்பள்ளி ஆசிரியை. என் வகுப்பிலிருந்து முப்பது பிள்ளைகளைப் பொம்மலாட்டத்துக்கு அழைத்துச் செல்லப்போகிறோம். அவர்களில் இருவருக்கு இத்தகைய சிக்கல் இருக்கிறது. மற்றவர்களுக்கு எவ்வளவு சொல்லலாம்?

பதில்: அந்த இருவரின் பெயரையோ நோயறிதலையோ சொல்ல வேண்டியதே இல்லை. சிலருக்கு இருட்டு பிடிக்காது, சிலருக்குக் கூச்சல் பிடிக்காது, சிலர் நடுவில் எழுந்து போய் வருவார்கள், அது தவறில்லை என்று எல்லாருக்கும் பொதுவாகச் சொன்னாலே பிள்ளைகள் புரிந்துகொள்வார்கள். கைதட்டுவதற்குப் பதிலாக இரு கைகளையும் உயர்த்தி விரல்களை அசைப்பதை வகுப்பு முழுவதற்கும் கற்றுக்கொடுங்கள். செவித்திறன் குறைந்தோர் பாராட்டும் முறை அது, பிள்ளைகளுக்கும் மிகவும் பிடித்துப்போகும். படக்கதையையும் வகுப்பு முழுவதற்கும் படித்துக் காட்டலாம். வெளியே சொல்லாமல் இருட்டுக்கு அஞ்சும் வேறு சில பிள்ளைகளும் அதனால் பயன்பெறுவார்கள்.

முழுப் பள்ளியும் செல்வதாக இருந்தால், உங்களுக்கென்று தளர்வான ஒரு காட்சியை நடத்தித் தருமாறு அரங்கத்தாரிடம் கேட்கவும் செய்யலாம். அத்தகைய காட்சியில் அரங்க விளக்குகள் முழுவதும் அணைக்கப்படமாட்டா, ஒலி குறைக்கப்படும், பிள்ளைகள் எழுந்து நடக்கலாம், பேசலாம். பெரிய அரங்குகள் இதைச் செய்துகாட்டியிருக்கின்றன. பாவைகளும் முகமூடிகளும் நிறைந்த ‘தி லயன் கிங்’ இசைநாடகத்தை 2011 இல் நியூயார்க்கின் பிராட்வேயில் ஆட்டிசம் உள்ளவர்களுக்காகவும் அவர்களுடைய குடும்பத்தினருக்காகவும் ஒரு லாப நோக்கற்ற அமைப்பு ஏற்பாடு செய்தபோது, உரத்த ஒலிகளைத் தணித்து, கண்ணைப் பறிக்கும் வெட்டொளியை நீக்கி, வெளிக்கூடத்தில் அமைதியான இடங்களையும் ஒதுக்கினார்கள். கதையில் எதையும் மாற்ற வேண்டியிருக்கவில்லை. உங்கள் கலைஞர்களிடமும் இதைச் சொல்லிக் கேளுங்கள்.

கேள்வி: என் மகளுக்கு வலிப்பு நோயும் இருக்கிறது. கவனிக்க வேண்டியது ஏதேனும் உண்டா?

பதில்: ஒளியால் தூண்டப்படும் வலிப்பா என்பதை முதலில் அவளுடைய மருத்துவரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள், வலிப்பு உள்ளவர்களில் சிறு பகுதியினருக்கே அவ்வாறு இருக்கிறது. அவர்களுக்கு வினாடிக்கு 3 முதல் 30 முறை வரை மின்னும் ஒளி ஆபத்தானது. அத்தகைய ஒளி ஆட்டத்தில் உண்டு என்றால், அந்த ஆட்டத்தைத் தவிர்த்துவிடுங்கள். கறுப்புக் கண்ணாடியை நம்பிச் செல்ல வேண்டாம்.

கேள்வி: சென்ற ஆண்டு என் மகனைப் பொம்மலாட்டத்துக்கு அழைத்துச் சென்றோம். பாதியில் அலறத் தொடங்கியதால் தூக்கிக்கொண்டு வெளியே வந்துவிட்டோம். “அடம் பிடிக்கிற பிள்ளையை ஏன் கூட்டி வரவேண்டும்?” என்று உறவினர்கள் கேட்டது இன்னும் வலிக்கிறது. மீண்டும் முயலலாமா?

பதில்: அன்று உங்கள் மகன் பிடித்தது அடம் அல்ல. அடம் பிடிக்கும் குழந்தை, கேட்டது கிடைத்ததும் ஓய்ந்துவிடும். யாராவது பார்க்கிறார்களா என்றும் கவனிக்கும். புலன்கள் தாங்காமல் உடைந்து அழும் குழந்தைக்கு எதைக் கொடுத்தாலும் உடனே அடங்காது, ஏனென்றால் அதற்கு வேண்டியது ஒரு பொருள் அல்ல. புலன்தூண்டலுக்கு மிகையாகவோ குறைவாகவோ எதிர்வினை காட்டுவது, அமெரிக்க மனநல மருத்துவச் சங்கம் 2013 இல் வெளியிட்ட கையேட்டில் ஆட்டிசத்தைக் கண்டறியும் அளவுகோல்களுள் ஒன்றாகவே சேர்க்கப்பட்டிருக்கிறது. வளர்ப்பில் குறை என்று சொல்லும் உறவினர்களிடம் இதைத் தயக்கமின்றிச் சொல்லுங்கள். வெளியே தூக்கி வந்தது நீங்கள் செய்த மிகச் சரியான காரியம்.

மீண்டும் முயலுங்கள். இம்முறை வெளியே வருவதையும் திட்டத்தின் ஒரு பகுதியாக வைத்துக்கொள்ளுங்கள். பெரியவர்கள் இருவர் செல்லுங்கள், வேறு குழந்தை உடன் இருந்தால் ஒருவர் அதனுடன் உள்ளேயே இருக்கலாம். நுழைந்தவுடன் வெளியே எந்த இடத்தில் போய் உட்காரலாம் என்பதை மகனுக்குக் காட்டுங்கள். அலறல் தொடங்கும்வரை காத்திருக்க வேண்டாம். ஒவ்வொரு குழந்தைக்கும் அதற்கு முன் வரும் அறிகுறிகள் உண்டு. காது மடலைத் திருகுவது, ஒரே சொல்லைத் திரும்பத் திரும்பச் சொல்வது, முகம் சிவப்பது, திடீரென்று பேச்சே நின்றுபோவது என்று அது ஏதாவது ஒன்றாக இருக்கும். அதைக் கண்டதும் கேள்வி கேட்காமல் எழுந்து வெளியே வாருங்கள். வெளியே வந்த பிறகு பேச்சைக் குறையுங்கள். “என்ன ஆச்சு, ஏன் அழுகிறாய்” என்று கேட்பதுகூட அப்போது அவனுக்கு ஒரு சத்தம்தான். மூச்சு சீரான பிறகு, உள்ளே போகும் படத்தையும் வீட்டுக்குப் போகும் படத்தையும் காட்டி, எது வேண்டும் என்று கேளுங்கள். கதவைச் சிறிது திறந்து வைத்துக்கொண்டு வாசலில் நின்று பார்க்க விரும்பினால், அப்படியே பார்க்கட்டும். அதற்கு அரங்கப் பணியாளரிடம் முன்பே சொல்லி வைத்திருங்கள்.

வீட்டுக்கு வந்த பிறகு, எவ்வளவு நேரம் உட்கார்ந்தான், எந்த இடத்தில் காதைப் பொத்தினான், எதற்குச் சிரித்தான் என்பதையெல்லாம் அன்றே எழுதி வையுங்கள். ஓரிரு நாட்களில் அவன் விளையாட்டில் ஆட்டத்தின் ஏதாவது ஒரு துண்டு திரும்ப வரும். அடுத்த ஆட்டத்துக்கான படக்கதையை அந்தத் துண்டிலிருந்து தொடங்கலாம். குறிப்பின் ஒரு படியை அரங்க நிர்வாகிக்கும் அனுப்பிவையுங்கள். எந்தக் காட்சியில் முரசொலி தாங்கவில்லை என்று ஒரு தாயோ தந்தையோ எழுதிச் சொன்னால்தான் அவர்களுக்கும் தெரியும்.